அண்ணைக்கு மட்டும் கேட்ட சத்தம்

திரை எரிந்தது. விண்டோஸ் முகப்பு வந்தது. கீழே வலப்பக்க மூலையில் ஒலிபெருக்கிப் படம் குறுக்குக் கோடு எதுவும் இல்லாமல் ஒழுங்காக நின்றது. ஒலி அளவை நூறுக்கு ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை.

"வந்திட்டுதோ தம்பி?" என்று கேட்டார் அண்ணை.

வேறு வீடாக இருந்தால், "கொம்பியூட்டர் வந்திட்டுது, சவுண்ட் மட்டும்தான் இல்லை, நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்திருப்பேன். அந்த வீட்டில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. 2009இல் போனது. அதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் அவருடைய லப்டொப்பில் சத்தம் இல்லை என்றால், மற்றவர்களுடைய லப்டொப்பில் திரை இல்லை என்பதற்குச் சமம். அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுவில் இறங்கி உள்ளே ஒழுங்கையால் நடந்தால் அவருடைய வீடு. ஒரு பக்கம் கச்சான் தோட்டம், மறுபக்கம் பாலை மரங்கள். நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். அண்ணை ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சுச் செய்கிறார். பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டிய கடிதங்கள், வீட்டுத்திட்ட விண்ணப்பங்கள், காணிப் பிணக்குகளுக்கான முறைப்பாடுகள் என்று ஒழுங்கையில் உள்ள முக்கால்வாசிப் பேரின் கடிதங்கள் அவருடைய விரலால் வந்தவைதான். கண் தெரிந்தவர்கள் வந்து கண் தெரியாதவரிடம் எழுதுவித்துக்கொண்டு போகிறார்கள். எழுத்துப் பிழை இருக்காது. ஒவ்வொரு எழுத்தையும் காதால் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அவர் அடுத்த வரிக்குப் போவார்.

அவர் பாவிப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான், திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள். 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன், ஜேம்ஸ் தே என்ற இருவர் தொடங்கியது. இருவரும் பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இலவசமாகவே விட்டார்கள். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழும் பேசும். இயந்திரக் குரல்தான், இனிமை கிடையாது. ஆனால் எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் சொற்கள் குழம்பாது. அண்ணை அதை ஓடவிடும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. வண்டு ஒன்று காதுக்குள் போனது போல இருக்கும். அவருக்கு அதில் கால்புள்ளி கூடக் கேட்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் உள்ள ‘அ’ உண்மையில் தமிழ் ‘அ’ அல்ல. ஓர் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பான் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். ஒரு நாள் யாரோ அனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தை அண்ணை திறந்தபோது அரை நிமிடத்துக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எனக்கு எழுதின கடிதம் இல்லை போல" என்றார். அவருக்கு எழுதியதுதான். தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்தக் குறியீடு உள்ள யூனிகோட்டில் எழுதுங்கள் என்று நான் வகுப்பில் திருப்பித் திருப்பிச் சொல்வது அந்த நாளுக்குப் பிறகுதான்.

சரி, லப்டொப்புக்கு வருவோம்.

அது கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவற்றில் ஒன்று. இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி. கிளிநொச்சியில் ஒரு கடையில் செகண்ட் ஹாண்டாக வாங்கினோம். வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். நான் நினைவகம், டிஸ்க் என்று இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடுகள் தேயாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவினார். மூடியை மெல்லத் திறந்து மூடிக் கீலின் இறுக்கத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு ஒலிபெருக்கித் துளைகளுக்கும் காதைக் கொடுத்து, இடமும் வலமும் ஒரே அளவாக வருகிறதா என்று கேட்டார். அன்று ஒலி நன்றாகவே வந்தது. அது எனக்கு நல்ல நினைவு.

இரண்டு வருடம் பிழையில்லாமல் ஓடியது. பிறகு ஒரு நாள் போனில், "தம்பி, உள்ளுக்கை ஏதோ அரைக்குது. ரெண்டு நாளா. இடைக்கிடை டக் எண்டு விழுது" என்றார். போய்ப் பார்த்தேன். எனக்கு விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. டிஸ்க்கைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. பழுதான பகுதிகள் கூடிக்கொண்டு போயின. இன்னும் வேலை செய்யும்போதே கழற்றிவிடுவது நல்லது. கோப்புகளைப் பிரதி எடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, பென்ட்ரைவில் இருந்து விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவினேன். நிறுவி முடிந்த இடத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது.

முதலில் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தேன். விசைப்பலகையில் சத்தத்தை நிறுத்தும் விசை அமுங்கியிருக்கிறதா, ஒலி எங்கே போகிறது என்று. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரைக்கு ஒலி அனுப்பும் சாதனமும் பட்டியலில் நிற்கும். விண்டோஸ் சிலவேளை அதையே முதன்மையாக எடுத்துக்கொள்ளும். சத்தம் போகும், ஆனால் அங்கே கேட்க ஆள் இருக்காது. இங்கே அதுவும் இல்லை. ‘ஸ்பீக்கர்ஸ்’ என்பதே தெரிவாகி இருந்தது. விண்டோஸ் ஓடியோ என்ற சேவை ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸின் சொந்தப் பிழைதிருத்தியையும் ஓடவிட்டேன், ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரைத் திறந்தேன். பிழை இருந்தால் நிற்கும் மஞ்சள் முக்கோணம் எங்கும் இல்லை. ஒலிப் பகுதியில் ‘ஹை டெஃபினிஷன் ஓடியோ டிவைஸ்’ என்று ஒரு வரி. திறந்து பார்த்தால் "இந்தச் சாதனம் சரியாக இயங்குகிறது" என்கிறது. சோதனை ஒலியை அழுத்தினால் பக்கத்தில் உள்ள பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. விண்டோஸைப் பொறுத்தவரை அது பாடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாக அண்ணைக்கு வாய்விட்டு வாசித்துக்கொண்டே செய்தேன். வழமையில் இயந்திரம் அவருக்கு வாசிக்கும். அன்று நான் வாசித்தேன். நான் வாசித்த வேகம் அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கிளிநொச்சியில் லப்டொப் திருத்தும் ஒருவருக்குப் போன் எடுத்தேன். மொடலைக் கேட்டார். "பழைய மெஷின் தானே, டிஸ்க் கழட்டேக்கை போர்ட்டிலை எங்கையோ பட்டிருக்கும். ஸ்பீக்கரோ ஓடியோ ஐசியோ போயிருக்கும். கொண்டு வாங்கோ, மதர்போர்ட் மாத்த வேண்டி வரலாம்" என்றார். எனக்கு உள்ளே திக்கென்றது. டிஸ்க்கைக் கழற்றியது என் கைதான். மதர்போர்ட் மாற்றும் செலவில் அண்ணை இன்னொரு லப்டொப்பை வாங்கிவிடலாம். வாங்கக் காசு எங்கே என்பது வேறு கதை.

"நிப்பாட்டிப் போட்டுத் திருப்பிப் போடும்" என்றார் அண்ணை.

நிறுத்திப் போட்டேன். கதிரையை நெருக்கி இழுத்துக்கொண்டு, தலையைச் சரித்து, விசைப்பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காதை வைத்தார். தயாரிப்பாளரின் சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. முகப்பு வந்தது.

"கேட்டதே உமக்கு?"

"என்னத்தை அண்ணை?"

"திருப்பிப் போடும்."

மூன்றாம் முறை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அக்கா குசினியில் தேங்காய் துருவுவதை நிறுத்தினார். மின்விசிறியையும் நிறுத்தினோம். ஆளியை அழுத்தியதும் ஒரு ‘டிக்’. நகத்தால் தகரத்தை ஒருமுறை சுண்டியது போல, அவ்வளவு சின்னது. பிறகு அமைதி. சுற்றும் புள்ளிகள் நின்று முகப்பு வருவதற்குச் சற்று முன்பு இன்னொரு ‘டிக்’. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"ரெண்டு ஸ்பீக்கரிலையும் வருது," என்றார். "முதல் டிக்கிலை திறக்குது. ரெண்டாவதிலை மூடுது. இது சாகேல்லை தம்பி. ஆரோ வாயைப் பொத்தினம்."

அவருக்கு இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். கண் போன பிறகு வந்ததா என்று. இல்லை, றேடியோவால் வந்தது என்றார். தொண்ணூறுகளில் வன்னிக்குள் மின்சாரம் கிடையாது. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, அதன் வயரை றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்ட காலம் அது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். பிபிசி தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு அயலில் உள்ளவர்கள் கூடிவிடுவார்கள். சுற்றுவது சின்னப் பெடியன் அண்ணையின் வேலை. மெதுவாகச் சுற்றினால் குரல் தாழ்ந்து அழுந்தும், வேகம் கூடினால் இரைச்சல் வரும். குரலைக் கேட்டுக் கேட்டே கையின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். "செய்தி என்னண்டு எனக்கு ஞாபகமில்லை. சத்தம் எப்பிடி இருந்தது எண்டது மட்டும் ஞாபகம்" என்று சொன்னார்.

அந்த இரண்டு டிக்கையும் வைத்து யோசித்தால் திருத்துபவர் போனில் சொன்னது பொருந்தவில்லை. ஒலிபெருக்கி எரிந்திருந்தால் டிக் வராது. அதற்கு முன்னால் நின்று ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் பெருக்கிச் சில்லு (சிப்) செத்திருந்தாலும் வராது. ஆளியை அழுத்தியதும் லப்டொப்பின் அடிப்படை மென்பொருள் பெருக்கியைத் திறக்கிறது. விண்டோஸ் வந்து ஒலிச் சில்லைத் தன் கையில் எடுக்கும் கணத்தில் அது மூடப்படுகிறது. அதற்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. அப்படியானால் குற்றவாளி வன்பொருள் அல்ல, அதை விண்டோஸ் இயக்குவதற்கு இடையில் நிற்கும் மென்பொருளான ட்ரைவர்.

இதை உறுதி செய்ய ஒரு வழி இருந்தது. அண்ணையின் மகள் கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புக்குப் பாவித்த வயர் ஹெட்போன் ஒன்றை அக்கா தேடிக் கொண்டுவந்தார். செருகினேன். சோதனை ஒலியை அழுத்தினேன். ஹெட்போனில் மணி போலக் கேட்டது.

எனக்கு அப்போது வந்த ஆறுதலைச் சொல்ல முடியாது. ஹெட்போனுக்கு அந்தப் பெருக்கி தேவையில்லை. ஒலிச் சில்லே நேராக அதை ஓட்டிவிடும். ஒலிபெருக்கிக்குத்தான் இடையில் இன்னொரு பெருக்கி வேண்டும். ஆகவே சில்லு சுகம், வழி சுகம், அந்தப் பெருக்கியின் கதவு மட்டும் பூட்டு.

"அப்ப இனி இதோடை வேலை செய்யலாம் தானே அண்ணை?" என்று ஹெட்போனை அவருடைய கையில் வைத்தேன். அவர் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ரெண்டு காதையும் இதுக்குக் குடுத்தால் எனக்கு வீடு இல்லை தம்பி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கே இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. படலை திறந்தால் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பும். செருப்பு உரசும் விதத்தில் வந்தவர் யார் என்று தெரியும். அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்று குசினிக்குக் குரல் கொடுப்பது அவர்தான். மாடு கச்சானுக்குள் இறங்கினால் முதலில் அறிவதும் அவர்தான். லப்டொப்பின் குரல் மேசையில் இருந்து வர, வீடும் வளவும் மற்ற எல்லாப் பக்கத்திலும் இருந்து வர, அவர் நடுவில் இருக்கிறார். காதை மூடிக்கொண்டு வேலை செய் என்பது, நாங்கள் யாராவது தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு திரையைப் பார் என்பது போன்றது. ஹெட்போன் இருக்கிறதே என்று யாராவது இலகுவாகச் சொல்லும்போது எனக்கு இப்போது இது நினைவுக்கு வரும்.

ஆகவே ஒலிபெருக்கிதான் வேண்டும்.

டிவைஸ் மனேஜரில் அந்த வரியின் ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்ட்வெயார் ஐடி’ என்று ஒன்று இருக்கிறது. பார்க்க ஒரே குழப்பமாக இருக்கும், ஆனால் வாசிக்கக் கற்றுக்கொண்டால் சாதனத்தின் சாதகக் குறிப்பே அதில் இருக்கிறது. ‘வென்’ என்பதற்குப் பின்னால் வருவது சில்லைச் செய்தவர். 10இசி என்றால் ரியல்டெக், 14எஃப்1 என்றால் கொனெக்சன்ட், 8086 என்றால் இன்டெல். ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் வருவது சில்லின் இலக்கம். எங்களுடையது 10இசி, 0255. அதாவது ரியல்டெக்கின் ஏஎல்சி 255. அதற்கும் பின்னால் ‘சப்சிஸ்’ என்று எட்டு எழுத்து. பலர் இந்தப் பகுதியைக் கண்டுகொள்வதில்லை. எங்கள் பூட்டின் திறப்பு அங்கேதான் இருந்தது.

சப்சிஸ் என்பது அந்தச் சில்லைத் தன் பலகையில் வைத்து லப்டொப்பைச் செய்த நிறுவனத்தின் அடையாளம். எச்பி என்றால் 103சி, டெல் என்றால் 1028, லெனோவோ என்றால் 17ஏஏ என்று தொடங்கும். மிச்சம் நான்கு எழுத்து மொடலைச் சொல்லும். ஒரே ஏஎல்சி 255ஐ வாங்கி ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி வயர் பண்ணுகிறது. ஒரு மொடலில் பெருக்கியைத் திறக்கும் கம்பி சில்லின் ஒரு காலில் இருக்கும், இன்னொரு மொடலில் வேறு காலில் இருக்கும். எந்தக் காலைத் தட்டினால் கதவு திறக்கும் என்பது அந்த மொடலுக்கென்று எழுதிய ட்ரைவருக்குத்தான் தெரியும்.

விண்டோஸோடு வரும் பொது ட்ரைவர், இன்டெல் 2004இல் வகுத்த ஹை டெஃபினிஷன் ஓடியோ நியமத்தை மட்டும் படித்துவிட்டு வந்தது. எல்லாச் சில்லோடும் பொதுவாகக் கதைக்கத் தெரியும். பெரும்பாலான மெஷின்களில் அதுவே போதும். வீட்டுக்கு வீடு வேறுபடும் படலைக் கொளுக்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதனால்தான் மஞ்சள் முக்கோணம் இல்லை, பச்சைக் கோடும் ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை.

இனி ட்ரைவரை எடுக்க வேண்டும். சரியான இடம் லப்டொப் செய்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கம்தான். அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தைக் கொடுத்தால் அந்த மொடலுக்குரியதைத் தரும். தானாகத் தேடித் தருகிறோம் என்று சொல்லும் இலவச மென்பொருள்களை நம்பி இறக்கிவிடாதீர்கள். அவற்றோடு வேண்டாததும் சேர்ந்து வரும். என் மாணவர் ஒருவரின் மெஷினில் ஒலி ட்ரைவர் தேடப்போய் உலாவி முழுக்க விளம்பரம் குடியேறியதை நானே துடைத்திருக்கிறேன்.

தொடரிலக்கத்தைக் கொடுத்துத் தேடினேன். இருந்தது. இருநூறு எம்பிக்கு மேல். என் போனின் ஹொட்ஸ்பொட்டில் இறக்கத் தொடங்கினேன். அந்த ஒழுங்கையில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பதினைந்து விழுக்காட்டில் அறுந்தது. திருப்பித் தொடங்கினால் பூச்சியத்தில் இருந்து. மூன்றாம் முறை நாற்பதில் அறுந்தது. மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. நாளைக்குப் பாடசாலையில் இறக்கிக்கொண்டு பின்னேரம் வருகிறேன் என்று சொன்னேன்.

"பழைய டிஸ்க்கிலை அது இருக்குமோ?" என்று கேட்டார் அண்ணை.

அந்தக் கேள்வியில் என் கை அப்படியே நின்றது.

பழைய விண்டோஸில் ஒலி வந்தது என்றால், அந்த ட்ரைவர் அந்த டிஸ்க்கில் இருந்தே ஆக வேண்டும். விண்டோஸ் தான் நிறுவும் ஒவ்வொரு ட்ரைவரையும் ஒரு பிரதி எடுத்துத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ட்ரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்போசிட்டரி. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் கழற்றி எடுத்த டிஸ்க் எறியப்பட வேண்டியது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டதால், அதை ஒரு களஞ்சியமாக நினைக்கத் தோன்றவில்லை.

"டிஸ்க் எங்கை அண்ணை?"

அக்கா அலுமாரிக்கு மேல் இருந்து ஒரு பால்மா ரின்னை இறக்கினார். உள்ளே பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, டிஸ்க். கூடவே பழைய போன் பற்றரிகள், ஒரு டைனமோ பல்பு, சைக்கிள் மணியின் மூடி. பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் வளர்ந்த ஆட்கள் ஒரு ஆணியைக்கூட இலகுவில் எறிய மாட்டார்கள்.

யுஎஸ்பியில் இருந்து டிஸ்க்குக்குப் போகும் வயர் என் பையில் இருந்தது. கோப்புகளைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தது. செருகினேன். டிஸ்க் சுழலத் தொடங்கியது. அண்ணை டிஸ்க்கின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டார். "அரைக்குது. கெதியாச் செய்யும்" என்றார்.

டிவைஸ் மனேஜரில் அந்த வரியில் வலச் சொடுக்கு. ட்ரைவரைப் புதுப்பி. என் கணினியில் தேடு. இடமாகப் பழைய டிஸ்க்கின் ஃபைல்ரெப்போசிட்டரியைக் காட்டினேன். உட்கோப்புறைகளையும் சேர் என்ற கட்டத்தில் சரி போட்டேன், இது முக்கியம், ஏனென்றால் உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புறைகள் இருக்கும். பழையதும் 64 பிட் விண்டோஸ் 10, புதியதும் அதுவே. அதனால் பொருந்துவதில் சிக்கல் இருக்கக் கூடாது. பச்சைக் கோடு ஓடியது, நின்றது, ஓடியது. டிஸ்க் ஒருமுறை ‘டக்’ என்று விழுந்தபோது அண்ணையின் விரல்கள் அசையவில்லை. என் நெஞ்சுதான் அசைந்தது.

‘ரியல்டெக் ஹை டெஃபினிஷன் ஓடியோ’ என்று அந்த வரி பெயர் மாறிய கணத்தில் மேசையில் இருந்து ஒரு ‘டிக்’. இந்த முறை எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"திறந்திட்டுது" என்றார் அண்ணை.

அவசரப்படாமல் மெஷினை ஒருமுறை மறுபடி ஆரம்பித்தேன். முதல் டிக் வந்தது. இரண்டாவது டிக் வரவேயில்லை. முகப்பு வந்தது. என்விடிஏயை நிறுவினேன். அது எழும்பும்போது கீழிருந்து மேலே ஏறும் சின்ன இசை ஒன்று வரும். அது வந்தது. அதன் பின்னால் குரலும் வந்தது. அக்கா குசினி வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்த் தேங்காயைத் துருவத் தொடங்கினார்.

அண்ணை என்னைத் தள்ளியிருக்கச் சொன்னார். முதல் வேலையாகக் குரலைத் தமிழுக்கு மாற்றினார், பிறகு வேகத்தை ஏற்றினார். ஏற்ற ஏற்ற எனக்குச் சொற்கள் நழுவின. அவருடைய முகம் தளர்ந்துகொண்டு வந்தது. கடைசியில் எனக்கு வண்டுச் சத்தம்தான் மிச்சம்.

இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று இரண்டு மூன்று விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷினில் ஒலிச் சாதனமே தெரியாமல், ‘மல்டிமீடியா ஓடியோ கன்ட்ரோலர்’ என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி நின்றால், அது வேறு பிரச்சினை. சில இன்டெல் மெஷின்களில் ஒலிச் சில்லுக்கு முன்னால் இன்டெல்லின் ‘ஸ்மார்ட் சவுண்ட்’ என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. அதன் ட்ரைவரை முதலில் போட்டால்தான் உள்ளே இருக்கும் சில்லே விண்டோஸின் கண்ணுக்குத் தெரியும். ரியல்டெக்கை எத்தனை தரம் நிறுவினாலும் அதற்கு முன் பயன் இல்லை.

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுபவர்கள் கூடிவருகிறார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டது, இந்தத் தலைமுறைச் செயலிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் இல்லை. லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஒலியைப் பொறுத்தவரை, நான் மேலே சொன்ன சப்சிஸ் இலக்கங்களின் நீண்ட அட்டவணை ஒன்று லினக்ஸ் கருவுக்குள்ளேயே இருக்கிறது, எந்த மொடலுக்கு எந்தக் காலைத் தட்ட வேண்டும் என்று பலர் வருடக்கணக்காகச் சேர்த்து எழுதியது. அதனால் பல மெஷின்களில் ட்ரைவர் தேடாமலே சத்தம் வரும். வராவிட்டால் அல்சாமிக்ஸர் என்ற கருவியைத் திறந்து, ஸ்பீக்கர் தூணுக்கு அடியில் இரண்டு ‘எம்’ நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது ஊமை. எம் விசையை ஒருமுறை அழுத்தினால் வாய் திறக்கும்.

திரைவாசிப்பான் பாவிப்பவர்களின் மெஷினில் கைவைக்கப் போகிறவர்கள் யுஎஸ்பி ஒலிச் சாதனம் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். விரல் அளவுதான், ட்ரைவர் இல்லாமலே வேலை செய்யும், ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொழுவிவிடலாம். அன்று அது என்னிடம் இருந்திருந்தால் அண்ணை அந்த ஐந்து மணிநேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வந்திருக்காது. இப்போது வைத்திருக்கிறேன்.

வெளிக்கிட எழும்பினேன். அண்ணை விடவில்லை.

"இந்த ட்ரைவரை இப்பவே எடுத்துத் தாரும். அந்த டிஸ்க் இன்னொருக்கா ஓடாது."

அவர் சொன்னது சரி. விண்டோஸில் பிஎன்பியுடில் என்று ஒரு கருவி இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ட்ரைவர்களை ஏற்றுமதி செய் என்று ஒரு வரி கொடுத்தால், வெளியில் இருந்து நிறுவிய ட்ரைவர்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் கொண்டுவந்து வைக்கும். வரியை நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன், அவரே தட்டினார். குரல் அதைத் திருப்பி வாசித்தது, ஓரிடத்தில் இடைவெளி விட்டது பிழை என்று அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். என்டரை அழுத்தினார். பென்ட்ரைவுக்குள் ஒவ்வொன்றாகப் போய் விழுந்தன.

முடிந்ததும் பென்ட்ரைவைக் கழற்றி, அதன் துளையில் சாக்குத் தைக்கும் நூலைக் கோத்தார். அவரிடம் இருக்கும் மற்றதில் ஒரு முடிச்சு, அது கடிதங்கள். இதில் இரண்டு முடிச்சுப் போட்டார். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பால்மா ரின்னுக்குள் வைத்து மூடினார்.

"ஆறரை பஸ் வருது, ஓடும்" என்றார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. படலையைச் சாத்திவிட்டு ஒழுங்கையின் பாதி தூரம் நடந்த பிறகுதான் பிரதான வீதிப் பக்கம் இருந்து பஸ் ஹோர்ன் வந்தது.